நான்கு வருடம் சும்மா அளந்தார்கள்: கிளன்மார்கன் ஓடைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் குந்தா பக்கம் ஒரு ஹட்டிக்கு (படுகர் ஊர்) மேலே உள்ள சரிவில் சீகை (வாட்டில்) மரங்களை வெட்டி அகற்றும் வேலையில் சில வருடங்களுக்கு முன்பு நானும் இருந்தேன். வெட்டி முடித்ததும், கீழே இருக்கிற ஊற்றில் தண்ணீர் கூடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்து லிட்டர் வாளி, செல்போனில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. வாரம் ஒரு முறை போய், வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதிக்கொண்டு வருவேன். மாதம் போகப் போக விநாடிகள் குறைந்தன. ஊற்று பெருகுகிறது என்று அர்த்தம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு நாள் கேரட் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு ஏறி வந்த பெரியவர் ஒருவர், நான் அளப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"தம்பி, மரம் வெட்டினதுக்கு அப்புறம்தானே அளக்கிறீங்க. வெட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு வந்துச்சு, தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா" என்றேன்.

"இந்த வருஷம் மழை நல்லா பேஞ்சிருக்கு. அந்தப் பக்கத்துச் சரிவுல யாரும் ஒரு மரம்கூட வெட்டல. அங்கே இருக்கிற ஊத்துலயும் தண்ணி ஜாஸ்தியாதான் வருது. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது.

என் நோட்டில் இருந்த அத்தனை எண்களும் சரியாக அளந்தவைதான். ஆனால் அவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. வெட்டுவதற்கு முந்தைய அளவும் இல்லை, வெட்டாத இடத்தின் அளவும் இல்லை. அந்தக் கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருந்ததால்தான், மரம் நட்டால் ஓடை நீர் என்னாகும் என்று கிளன்மார்கனில் நடந்த ஆய்வை முழுதாகப் படிக்கத் தொடங்கினேன். பெயராக அதை முன்பே தெரியும். அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஒரே மாதிரி இரண்டு பள்ளத்தாக்கு

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், பைக்காராவுக்கு முன்பு பிரிந்து போனால் கிளன்மார்கன். சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் விஞ்ச் (இழுவை வண்டி) அங்கேதான் இருக்கிறது. பைக்காரா திட்டம் 1932-லேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு குந்தா திட்டமும் வந்தது. மலை மேல் பெய்யும் மழை எவ்வளவு அணைக்கு வந்து சேர்கிறது என்பது மாநிலத்துக்கே முக்கியமான கேள்வியாகிவிட்ட காலம் அது. அதே காலத்தில்தான் மேல்மலைப் புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் பெரிய அளவில் நட்டுக்கொண்டிருந்தார்கள். கற்பூர மரம் விறகுக்கும் தைலத்துக்கும் விஸ்கோஸ் ஆலைகளின் கூழுக்கும் போனது. சீகையின் பட்டை தோல் பதனிடப் போனது.

இந்த மரங்களால் தண்ணீர் குறைகிறதா, இல்லையா? அன்றைக்கும் இதற்கு இரண்டு பதில் இருந்தது, இன்றைக்கும் எங்கள் ஊர் டீக்கடைகளில் அதே இரண்டு பதில்தான். கற்பூர மரம் மண்ணில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காது என்பார்கள் சிலர். மரம் இருந்தால்தான் மழை, மழை இருந்தால்தான் ஓடை என்பார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் தாங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண் ஒரு இடத்தை ஒரு காலத்தில்தான் பார்க்கிறது.

உதகமண்டலத்தில் 1954 முதல் இயங்கிவரும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. கிளன்மார்கனில் அருகருகே இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். இரண்டிலும் மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை என்னும் அடர்ந்த குட்டைக் காடு, அடியில் சதுப்பு, அதிலிருந்து ஒரு ஓடை. 1968 முதல் 1971 வரை நான்கு வருடம் இரண்டு ஓடைகளையும் அளந்தார்கள். அளந்தார்கள், அவ்வளவுதான். ஒரு செடி நடவில்லை, ஒரு மரம் வெட்டவில்லை.

இந்த நான்கு வருடம்தான் மொத்த ஆய்வுக்கும் உயிர் என்பேன். எந்த இரண்டு ஓடையும் சமமாக ஓடாது. ஒன்றில் பாறை கூடுதல், ஒன்றில் சதுப்பு பெரிது. ஆனால் ஒரே மழை இரண்டிலும் பெய்யும்போது, முதல் ஓடையில் இவ்வளவு வந்தால் இரண்டாவதில் இவ்வளவு வரும் என்று ஒரு உறவு இருக்கும். நல்ல மழை வருடம், வறண்ட வருடம் இரண்டையும் பார்த்துவிட்டால் அந்த உறவு பிடிபடும். அப்புறம் ஒரு பகுதியில் மட்டும் மரம் நடலாம். மற்றது தொடாமல் அப்படியே இருக்கும். பிறகு வரும் எந்த வருடத்திலும், தொடாத ஓடையின் அளவைப் பார்த்து, 'மரம் நடாமல் இருந்திருந்தால் அந்த ஓடையில் இவ்வளவு ஓடியிருக்கும்' என்று கணக்கிடலாம். உண்மையில் ஓடுவதற்கும் அந்தக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் மரத்தின் வேலை. மழை கூடினாலும் குறைந்தாலும் அது இரண்டு ஓடையையும் சேர்த்தே பாதிக்கும் என்பதால் மழையின் பங்கு கழிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் கொலராடோவில் வேகன் வீல் கேப் என்ற இடத்தில் 1910-ல் தொடங்கியது இந்த முறை. மண்வெட்டியோடு வந்த அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டதும் இதையேதான்: முன்பு எவ்வளவு, பக்கத்தில் எவ்வளவு.

வி வெட்டில் வழியும் தண்ணீர்

ஓடையை அளப்பது சின்ன வேலை போலத் தோன்றும். இந்த வகை ஆய்வுகளில் ஓடைக்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டி, நடுவில் வி வடிவத்தில் ஒரு வெட்டு விடுவார்கள். அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு வழிகிறது என்று தெரிந்தால், விநாடிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கு ஆகாது. ஐந்தரை மடங்குக்கும் மேல் ஆகும். அதனால் உயரத்தில் செய்யும் சின்னப் பிழை ஓட்டத்தில் பெரிய பிழையாகிவிடும். வெட்டில் ஒரு இலை மாட்டிக்கொண்டு தண்ணீரை விரலளவு தூக்கிப் பிடித்தால் போதும், அன்றைய கணக்கு கெட்டுவிடும். மழைக்குப் பிறகு தடுப்பின் பின்னால் வண்டல் சேரும். அதை அள்ள வேண்டும். ஆடி மாதக் காற்றிலும் மழையிலும், டிசம்பர் உறைபனியில் விடியற்காலையிலும் யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அப்படிப் போய்ப் பார்த்தவர்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் வராது. அவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதையாக இருக்கிறது.

1972-ல் ஒரு பகுதியின் 59 சதவீத நிலத்தில் கற்பூர மரம் நட்டார்கள். புல்வெளியில் மட்டும், சோலையைத் தொடவில்லை. பத்து வருடம் வளரவிட்டார்கள். முதல் சுற்றான அந்தப் பத்து வருடத்தில் ஓடையின் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மில்லிமீட்டரில் சொன்னால் வருடத்துக்கு 87.

87 மில்லிமீட்டர் என்றால் மனதில் ஒன்றும் பதியாது. 32 ஹெக்டேர் பரப்பில் 87 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீரை நிரப்பினால் சுமார் 2 கோடியே 78 லட்சம் லிட்டர் வரும். நாளுக்குப் பிரித்தால் 76,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் தினமும் ஆறு லாரிக்கு மேல். ஒரு சின்னப் பள்ளத்தாக்கு, அதிலும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கில் மட்டும் மரம். கோடையில் ஊட்டியில் டேங்கருக்குக் காத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

பத்து வருடம் முடிந்ததும் மரங்களை வெட்டினார்கள். கற்பூர மரம் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தத் துளிர்களை வளரவிட்டு 1982 முதல் 1991 வரை இரண்டாவது சுற்று அளந்தார்கள். இந்த முறை குறைவு 25.4 சதவீதம். முதல் சுற்றில் கன்று சின்னதாக இருந்த வருடங்களில் அது அவ்வளவாகக் குடிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் வேர் ஏற்கெனவே ஆழத்தில் ஊன்றி இருக்கிறது, மேலே துளிர் மட்டும் புதுசு. தொடக்கத்திலிருந்தே முழு வேகம். இன்னொன்றும் தெரிந்தது. மழை நின்ற பிறகு சதுப்பிலிருந்தும் மண்ணிலிருந்தும் கசிந்து ஓடையில் வரும் நீர், முதல் சுற்றில் 15 சதவீதம் குறைந்தது, இரண்டாவதில் 27 சதவீதம். மலைக் கிராமங்களும் அணைகளும் ஜனவரியிலிருந்து நம்பியிருப்பது இந்தக் கசிவைத்தான்.

முதல் சுற்றோடு ஆய்வை மூடியிருந்தால் நம்மிடம் 16 என்ற எண் மட்டும் இருந்திருக்கும். மூன்று வருடத் திட்டமாக இருந்திருந்தால், மரம் நட்டால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது என்றே அறிக்கை எழுதியிருப்பார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை நிதி கேட்டு ஓடும் இன்றைய ஆய்வாளர்கள், நான் உட்பட, இதை யோசிக்க வேண்டும்.

இந்த ஆய்வு சொல்லாதது

டீக்கடையின் இரு தரப்புக்கும் இந்த எண்கள் பிடிக்காது. ஓடை வற்றிவிடவில்லை, நான்கில் மூன்று பங்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே சமயம், மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே இடமில்லை.

இதை வைத்து 'மரமே தண்ணீருக்கு எதிரி' என்று மேடையில் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது தவறு. இங்கே ஒப்பிட்டது புல்லையும் கற்பூர மரத்தையும். சோலை இரண்டு பக்கமும் இருந்தது, அதை யாரும் மாற்றவில்லை. சோலை மரம் எவ்வளவு குடிக்கும் என்று கிளன்மார்கனிடம் கேட்கக் கூடாது. சீகையைப் பற்றியும் கேட்கக் கூடாது. அது வேறு மரம், வேறு வேர். என் ஊற்றுக்கு அந்த 25 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒட்டவைக்க நானே ஆசைப்பட்டேன். முடியாது.

இன்னொரு குறை, இது ஒரே ஒரு ஜோடி. நீலகிரியில் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், கிழக்கே கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. ஒரு இடத்து உறவு இன்னொரு இடத்துக்குப் பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது. அப்படியும், காடு பற்றிய பேச்சில் இவ்வளவு உறுதியான காலடி கொண்ட எண் நம் மலையில் அபூர்வம்.

வேறு கேள்விக்கு வேறு முறை

தண்ணீர் குறைகிறது, சரி. ஆனால் அந்தப் புல்வெளியே மனிதன் காட்டை எரித்து உண்டாக்கியதாக இருந்தால்? அப்படியானால் மரம் நடுவது பழைய காட்டைத் திருப்பிக் கொடுப்பதாகத்தானே ஆகும்? புல்வெளியை வெற்று நிலம் என்று கணக்கில் எழுதியவர்களின் வாதம் இதுதான். இதற்கு ஓடையில் தடுப்புக் கட்டிப் பதில் காண முடியாது. பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான வருடம் பின்னால்.

அதற்கு நீலகிரியில் ஒரு ஆவணக் கிடங்கு இருக்கிறது: புல்வெளிக்கு அடியில் உள்ள சதுப்பு. அங்கே மக்காமல் தேங்கும் கரிய மண்ணில், அந்தந்தக் காலத்துச் செடிகளின் கார்பன் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. வெப்பமண்டலப் புற்கள் பலவும் மரங்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. அதனால் கார்பன்-13 என்ற கனமான வகையின் விகிதமும் இரண்டிலும் வேறு. மண்ணில் அதை அளந்தால் எந்தக் காலத்தில் எது ஓங்கி நின்றது என்று தெரியும். சூழலியலாளர் ராமன் சுகுமாரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1993-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, ஏறக்குறைய 20,000 வருடத்துக்கு முன்பு, நீலகிரி மேல்மலையில் அந்தப் புற்களே ஓங்கியிருந்தன. பிறகு ஈரம் கூடிய காலத்தில் மற்ற தாவரங்கள் பெருகின. வறண்டபோது புல் திரும்பி வந்தது. யாரும் மலையில் உழவு செய்யத் தொடங்குவதற்கு மிக முன்பே புல்வெளி இங்கே இருந்திருக்கிறது. மேய்ச்சலும் தீயும் பிற்காலத்தில் அதன் எல்லைகளைத் தள்ளியிருக்கலாம். ஆனால் புல்வெளி இந்த மலைக்குச் சொந்தமானது.

தோடர்கள் இதைச் சதுப்பைத் தோண்டாமலே அறிவார்கள். அவர்கள் கோயில் வேய்வதற்கு எந்தப் புல்லும் ஆகாது. சதுப்பு ஓரத்தில் வளரும் குறிப்பிட்ட புல்தான் வேண்டும். அந்தப் புல்லுக்கு இப்போது எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று கேட்பதும் ஒரு ஆய்வு முறைதான்.

எவ்வளவு புல்வெளி போயிற்று என்பது மூன்றாவது கேள்வி. அதற்குச் செயற்கைக்கோள். இதில் கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடர்தான் நல்ல உதாரணம். 1973-லிருந்து 2014 வரையிலான லேண்ட்சாட் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, அந்த நாற்பது வருடத்தில் பழனிமலை மேல்பகுதியின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. சோலையிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த இடங்களைப் பிடித்தவை பெரும்பாலும் பைன், கற்பூரம், சீகைத் தோப்புகளும் விவசாயமும். 1973 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் அறுபது, எண்பது மீட்டர். அதில் இளம் சீகையும் சோலையும் ஒரே பச்சையாகத் தெரியும். அதைப் பிரித்துச் சொல்ல மலையை நடந்தே அறிந்தவர்கள் வேண்டும். வட்டக்கானலில் பல வருடம் சோலை நாற்று வளர்த்த ராபர்ட் ஸ்டுவர்ட் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

வரைபடத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும், தோப்பை எல்லாம் வெட்டித் தள்ளிவிடலாம் என்று. ஆனால் கொடைக்கானலில் பழைய தோப்புகளுக்குள் நடந்தால், நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து நிற்பதைப் பல இடங்களில் காணலாம். அங்கே வெட்டினால் அவையும் போகும். சீகை விதையோ மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். வெயிலும் தீயும் பட்டால் ஒன்றுக்கு நூறாக எழும். மூன்று வருடத்தில் ஆள் உயரச் சீகைப் புதரைத்தான் அறுவடை செய்வோம். 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. வெட்டும் வேலை இனி பெருகும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று வெட்டுவதற்கு முன்பே அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது செய்வது

அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதை எங்கும் சான்றாகக் காட்டவில்லை. முன்பு சொன்னவர்களிடம் திரும்பப் போய், அது நிற்காது என்றும் சொல்லிவிட்டேன்.

இப்போது வேறொரு சரிவில் இரண்டு ஓடைகளை எடுத்துக்கொண்டோம். இரண்டின் மேலேயும் சீகை நிற்கிறது. ஒன்றில் பின்னால் வெட்டுவோம், மற்றதில் வெட்ட மாட்டோம். எதில் வெட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். நாங்களே தேர்ந்தெடுத்தால் நல்ல ஓடையாகப் பார்த்து எடுத்துவிடுவோம். கான்கிரீட் தடுப்புக்கு எங்களிடம் பணம் இல்லை. தகரப் பலகையில் வி வெட்டி, பக்கத்தில் அளவுகோல் அடித்து, களிமண்ணால் ஓரம் அடைத்திருக்கிறோம். மழைமானி ஹட்டியில் ஒரு அக்கா வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. அளவு எடுப்பதும் அவர்தான், தினம் காலை எட்டு மணிக்கு. அதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு. இதை இலவசமாக எதிர்பார்க்கும் ஆய்வு நீடிக்காது.

இது இரண்டாவது வருடம். போன மாதம் ஊர்க்கூட்டத்தில், "அளந்துக்கிட்டே இருக்கீங்களே, எப்பதான் வெட்டப் போறீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்னும் ஒரு கோடையாவது பார்க்க வேண்டும் என்றேன். சிலர் முகம் சுளித்தார்கள். மண்வெட்டிப் பெரியவர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அக்காவோடு ஓடைக்குப் போனேன். பலகையின் வெட்டில் சீகைக் கொத்து ஒன்று மாட்டியிருந்தது. அதை எடுத்து ஓரமாகப் போட்டார். தண்ணீர் இறங்கி நிலைக்கும்வரை பாறையில் உட்கார்ந்து காத்திருந்தார். பிறகு குனிந்து, அளவுகோலின் கோட்டை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்து, எழுதினார்.